மூன்றாவது ஆள் எங்கே?

ஆண்கள் டென்னிஸில் 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து எட்டு கிராண்ட்ஸ்லாம்; ஆண்டுக்கு மெல்போர்ன், பாரிஸ், விம்பிள்டன், நியூயார்க் என்று நாலு. எட்டையும் இரண்டே பேர் எடுத்துக்கொண்டார்கள், ஆளுக்கு நாலு. யானிக் சின்னருக்கு மெல்போர்ன் இரண்டு முறை, நியூயார்க் ஒரு முறை, விம்பிள்டன் ஒரு முறை. கார்லோஸ் அல்காரஸுக்குப் பாரிஸ் இரண்டு முறை, விம்பிள்டனும் நியூயார்க்கும் ஒவ்வொரு முறை. 2025-இல் இருவரும் ஆறு தடவை மோதினார்கள். ஆறுமே இறுதிப் போட்டி. ரோம், பாரிஸ், விம்பிள்டன், சின்சினாட்டி, நியூயார்க், கடைசியாகத் தூரின். நாலில் அல்காரஸ், இரண்டில் சின்னர்.

"இதையே எத்தனை நாளைக்குப் பார்ப்பீங்க மாப்பிள்ளை?" என்று மச்சான் கேட்கிறார். அவர் தேவகோட்டையில் இருக்கிறார். 2022-இல் ஃபெடரர் ஓய்வு பெற்ற அன்றோடு டென்னிஸ் முடிந்துவிட்டது என்பார். அப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு மேட்ச் விடாமல் பார்ப்பார். எனக்கு இந்த இருவர் ஆட்டம் அலுக்கவில்லை. அலுக்கிற மாதிரியா ஆடுகிறார்கள்? ஆனால் இவர்களை மிரள வைக்க ஒருவன் இல்லையே என்ற ஏக்கம் உண்டு. அப்படி ஒருவன் வளர்ந்து வருகிற பாதையை டென்னிஸை நடத்துகிறவர்களே கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பது என் கட்சி. கார்த்திகை தீபம் முடிந்து பிள்ளையார் நோன்பு வரப்போகிற 2025 டிசம்பரின் இந்த நாட்களில்தான் ஆண்கள் டென்னிஸுக்கும் ஓய்வு. ஜனவரியில் மெல்போர்ன் தொடங்கும்வரை பேசிக்கொண்டிருப்பதைத் தவிர நமக்கு என்ன வேலை?

முதலில் அந்த இருவருக்கும் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். ஜூன் 8, பிரெஞ்சு ஓப்பன் இறுதி. பாரிஸில் பிற்பகல் மூன்று மணி என்றால் காரைக்குடியில் மாலை ஆறரை. ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. அப்பச்சி முகப்பில் கிடந்த சாய்வு நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். சின்னர் முதல் இரண்டு செட்டையும் எடுத்தார். மூன்றாவது அல்காரஸுக்குப் போனது. நாலாவதில் சின்னர் 5-3. அல்காரஸ் சர்வீஸில் 0-40. மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட், ஒன்றை எடுத்தாலே பட்டம். "முடிஞ்சு போச்சு, படுங்க" என்று மச்சானிடமிருந்து ஃபோனில் செய்தி வந்தது. அல்காரஸ் மூன்றையும் காப்பாற்றினார். அடுத்து 5-4-இல் பட்டத்துக்காக சர்வ் செய்ய வந்த சின்னரையும் பிரேக் செய்தார், அதாவது அவர் சர்வீஸ் கேமைப் பறித்தார். டைபிரேக்கில் நாலாவது செட்டும் அவருக்கு. ஆத்தா வந்து எட்டிப் பார்த்து, "இன்னுமா அடிக்கிறானுக? இவனுகளுக்குப் பசிக்காதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஐந்தாவது செட்டில் நிலைமை தலைகீழ். இப்போது அல்காரஸ் 5-4-இல் பட்டத்துக்காக சர்வ் செய்கிறார். சின்னர் பிரேக் செய்கிறார். 6-6. பத்து பாயிண்ட் டைபிரேக்கில் மட்டும்தான் ஆட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது: 10-2 அல்காரஸ். மொத்தம் ஐந்து மணி 29 நிமிடம், ரோலண்ட் கேரோஸில் இதுவரை நடந்த இறுதிகளிலேயே நீளமானது. இரண்டு செட் பின்தங்கி அல்காரஸ் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. நம் ஊரில் நள்ளிரவு தாண்டிவிட்டது. அப்பச்சி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்ப் படுத்தார்.

அந்த மேட்சைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட்டை விட்டவன் ஒரு வருஷம் சுருண்டு கிடந்தால்கூட யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சின்னர் ஐந்தே வாரத்தில், ஜூலை 13 அன்று, விம்பிள்டன் இறுதியில் அதே அல்காரஸுக்கு எதிரே நின்றார். முதல் செட்டைத் தோற்றார். அடுத்த மூன்றும் 6-4, 6-4, 6-4. முகத்தில் ஒரு சலனம் இல்லை. செப்டம்பரில் நியூயார்க்கில் அல்காரஸ் அதற்குப் பதில் கொடுத்தார், நாலு செட்டில். நவம்பரில் தூரினில் சின்னர். இப்படி மாறி மாறி அடிபட்டு, ஒவ்வொரு அடிக்குப் பிறகும் எதையாவது திருத்திக்கொண்டு வருகிறார்கள். இதைக் குறை சொல்ல மனசு வரவில்லை.

சின்னரைப் பற்றி ஒரு முள்ளும் உண்டு. 2024 மார்ச்சில் குளோஸ்டெபால் என்ற தடைசெய்யப்பட்ட மருந்துக்கான சோதனையில் சிக்கியதும், அவர் மேல் தவறில்லை என்று நடுவர் குழு விட்டதும், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு மேல்முறையீட்டுக்குப் போய்க் கடைசியில் மூன்று மாதத் தடைக்கு ஒத்துக்கொண்டதும் தெரிந்த கதை. அவர் வேண்டுமென்றே எதையும் செய்யவில்லை என்பதை நான் நம்புகிறேன். ஆனால் 2025 பிப்ரவரியில் தொடங்கி மே தொடக்கத்தில் முடிந்த அந்தத் தடையில் ஒரு ஸ்லாம்கூடச் சிக்கவில்லை என்பதை யாராலும் கவனிக்காமல் இருக்க முடியாது. தரவரிசையில் நூற்றைம்பதாவது இடத்தில் இருக்கிற ஒருவனுக்கு இவ்வளவு வசதியாகத் தேதி அமையுமா என்று மச்சான் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பாரிஸ் தரையைப் பற்றி ஒரு வார்த்தை, இடையில். மேலே இருக்கிற அந்தச் சிவப்பு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத் தூவிய செங்கல் பொடி. அதற்கு அடியில் நொறுக்கிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல். செங்கல் தூளும் சுண்ணாம்பும், நம் பக்கத்து வளவு வீடுகளுக்குக் கொத்தனார்கள் சாந்து அரைத்த அதே சரக்கு. அப்பச்சி வாலிபத்தில் ஆடிய கிளப்பில் இருந்தது உள்ளூர்ச் செம்மண் கோர்ட். தண்ணீர் தெளித்து உருளை இழுத்து வெயில் தாழ்ந்த பிறகு ஆடுவார்களாம். பந்து விழுந்த இடத்தில் தடம் இருக்கும், அதைக் காட்டிச் சண்டை போடலாம். பாரிஸில் இன்றும் நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து தடத்தைக் குனிந்து பார்க்கிறார். விம்பிள்டன் இயந்திரத்தை வைத்துக்கொண்டு 147 ஆண்டுகால லைன் நடுவர்களை 2025-இல் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நாலு ஸ்லாமில் அவர்களை வைத்திருப்பது பாரிஸ் மட்டும்தான். அதற்காகவே எனக்கு அந்தப் போட்டி மேல் கூடுதல் பிரியம். இயந்திரம் தப்புப் பண்ணாது என்பது சரிதான். ஆனால் சண்டை போட ஆளில்லாத ஆட்டத்தில் அப்பச்சி மாதிரி ஆட்களுக்கு என்ன சுவாரசியம்?

சரி, மூன்றாவது ஆளுக்கு வருவோம். எனக்கு அதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஸ்டான் வாவ்ரிங்கா.

1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓப்பன், தொடக்க ஆண்டுகளைத் தவிர ஜனவரி முதல் வாரத்தில். ஜெயித்தவருக்குத் தரவரிசையில் 250 புள்ளி தருகிற வகைப் போட்டி. உலக வரிசையில் அது சின்னப் போட்டிதான். பட்டியலைப் பாருங்கள்: 1998-இல் பேட்ரிக் ராஃப்டர், 2004-லும் 2005-லும் கார்லோஸ் மோயா, 2009-லும் 2010-லும் மாரின் சிலிச், அப்புறம் 2011, 2014, 2015, 2016 என்று நாலு முறை வாவ்ரிங்கா. காரைக்குடியிலிருந்து அதிகாலைப் பல்லவனில் ஏறினால் மதியம் எழும்பூர். வெயில் இறங்கிய பிறகு அரங்கத்துக்குப் போய் உட்கார்ந்தால், டிவியில் பார்த்தபோது புரியாத ஒன்று புரியும்: வாவ்ரிங்காவின் ஒற்றைக்கை பேக்ஹேண்ட் எழுப்புகிற சத்தம். பந்து மட்டையை விட்டுக் கிளம்புகிறபோதே கூட்டம் 'ஆ' என்கும். பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் ஒருவர், மார்கழிக் கச்சேரிக்கு வந்து இங்கேயும் தலைகாட்டியவர், அந்த பேக்ஹேண்டுக்குத் தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது இதைக் கவனியுங்கள். 2014 ஜனவரி தொடக்கத்தில் சென்னையில் பட்டம். அதே மாதம் மெல்போர்னில் காலிறுதியில் ஜோகோவிச்சை ஐந்தாவது செட்டில் 9-7 என்று வீழ்த்தி, இறுதியில் நடாலை வீழ்த்தி ஆஸ்திரேலிய ஓப்பன். 2015 சென்னை, அந்த ஜூனில் பாரிஸில் காலிறுதியில் ஃபெடரர், இறுதியில் ஜோகோவிச். 2016 சென்னை, அந்தச் செப்டம்பரில் நியூயார்க் இறுதியில் மறுபடியும் ஜோகோவிச். ஸ்லாம் ஜெயித்த மூன்று ஆண்டையும் அவர் நுங்கம்பாக்கத்தில்தான் தொடங்கினார்.

இன்னும் ஒன்று. 2005 பிரெஞ்சு ஓப்பனிலிருந்து 2020 ஆஸ்திரேலிய ஓப்பன் வரை ஃபெடரர், நடால், ஜோகோவிச், மர்ரி இந்த நால்வர் கையை விட்டு வெளியே போன ஸ்லாம் ஐந்தே ஐந்து. 2009-இல் டெல் போட்ரோ, 2014-இல் சிலிச், வாவ்ரிங்காவுக்கு மூன்று. ஐந்தில் நாலு சென்னை ஓப்பன் சாம்பியன்கள் ஜெயித்தவை. நுங்கம்பாக்கத்துத் தண்ணீரில் ஏதோ இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வாவ்ரிங்கா போன்றவனுக்கு ஆண்டுத் தொடக்கத்தில் நாலைந்து மேட்ச் தொடர்ந்து ஜெயிக்க ஒரு இடம் வேண்டும். கோப்பையைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். நான் ஜெயிக்கிறவன் என்ற நினைப்பு உடம்பில் ஏற வேண்டும். அப்புறம்தான் ஜோகோவிச்சின் எதிரே நிற்கும்போது கை நடுங்காது. பெரிய ஆட்டக்காரர்களுக்கு இந்தச் சின்னப் போட்டிகள் தேவையில்லை, இரண்டாம் வரிசைக்காரனுக்குத்தான் தேவை.

2018-இல் அந்தப் போட்டி புனேக்குப் போனது. இப்போது அதன் இடத்தில் ஹாங்காங். சென்னைக்குப் போனால் அந்த அரங்கத்தைக் கடக்கும்போது வயிறு எரிகிறது. இது சென்னை மட்டும் பட்ட பாடு இல்லை. அமெரிக்காவில் அட்லாண்டா 2024-ஓடு முடிந்தது. புல்தரையில் நடந்துவந்த நியூபோர்ட்டும் போர்ச்சுகலின் எஸ்டோரிலும் 2025-இல் சேலஞ்சர் என்ற அடுத்த கீழ்த் தரத்துக்கு இறங்கின.

எதற்காக? ஸ்லாமுக்கு அடுத்த தரமான மாஸ்டர்ஸ் போட்டிகளை இழுத்து நீட்டுவதற்கு. முன்பெல்லாம் இந்தியன் வெல்ஸும் மயாமியும் மட்டும்தான் இரண்டு வாரம் ஓடும். 2023-இல் மாட்ரிட், ரோம், ஷாங்காய் நீண்டன. 2025-இல் கனடாவும் சின்சினாட்டியும். ஒன்பது மாஸ்டர்ஸில் இன்னும் ஒரே வாரத்தில் முடிவது மாண்டே கார்லோவும் பாரிஸும்தான். டிக்கெட் விற்கிறது, பரிசுத் தொகை கூடுகிறது, எல்லாம் சரி. பார்க்கிறவனுக்கு என்ன கிடைக்கிறது? செவ்வாய்க்கிழமை யார் ஆடினார்கள் என்பது வெள்ளிக்கிழமைக்குள் மறந்துபோகிறது. அல்காரஸே இதைக் குறை சொல்லியிருக்கிறார். அதைவிடப் பெரிய கோளாறு, ஒரு மேட்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு நாள் ஓய்வு. அந்த ஓய்வு யாருக்கு உதவும்? களைத்திருந்தால் மட்டுமே தோற்கக்கூடிய முதல் இரண்டு பேருக்குத்தான்.

களைப்பு என்ன செய்யும் என்பதற்கும் நுங்கம்பாக்கமே சாட்சி. 2008-இல் நடால் இங்கே அரையிறுதியில் மோயாவோடு மூன்று டைபிரேக் ஆடி, ஏறக்குறைய நாலு மணி நேரம் கழித்து ஜெயித்தார். மறுநாள் இறுதியில் மிகைல் யூஷ்னியிடம் 0-6, 1-6. இன்றைய மாஸ்டர்ஸ் மாதிரி பன்னிரண்டு நாள் போட்டியாக இருந்திருந்தால் நடாலுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்திருக்கும், யூஷ்னியின் பெயரை இப்போது எழுத எனக்கு வேலை இருந்திருக்காது. இதோடு 2001 முதல் ஸ்லாம்களில் பதினாறுக்குப் பதில் முப்பத்திரண்டு சீடிங் (முன்னணிக்காரர்கள் தொடக்கச் சுற்றுகளில் மோதாமல் பிரித்து வைப்பது) வந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு சுற்றில் பெரிய தலைகளுக்கு எதிரே தரவரிசையில் முன்னணியில் இருப்பவன் யாரும் வர முடியாது. அதே 2001-இல் விம்பிள்டனும் புல்லை மாற்றியது. பந்து முன்னைவிட நன்றாக எழும்புகிறது. பாரிஸில் ஜெயிக்கிற ஆட்டத்தையே கொஞ்சம் திருத்தி லண்டனிலும் ஆடலாம் என்றாகிவிட்டது. ஆக, ஒருவன் எல்லா இடத்திலும் சிறந்தவனாக இருப்பது எளிதாகிவிட்டது. ஒரு தரையில் மட்டும் சூரனாக இருப்பவனுக்கு வழியில்லை.

எனக்குப் பிடித்த மாஸ்டர்ஸ் மாண்டே கார்லோதான். ஒரே வாரம், சின்ன அரங்கம், பின்னால் கடல். ஏப்ரலில் காரைக்குடி வெயில் கொளுத்தும்போது கடையை மதியம் சாத்திவிட்டு வந்து, பட்டாலையில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு பார்க்கலாம். முன்னணி ஆட்டக்காரர்கள் கட்டாயம் ஆட வேண்டும் என்ற விதி இல்லாத ஒரே மாஸ்டர்ஸும் அதுதான். இருந்தும் வருகிறார்கள்.

சரி, ஆட்கள். வரிசையில் முதலில் நிற்பவர் அலெக்சாண்டர் ஸ்வெரேவ். மூன்று ஸ்லாம் இறுதி, மூன்றும் தோல்வி. 2020 நியூயார்க்கில் டொமினிக் தீமுக்கு எதிராக இரண்டு செட் முன்னிலை, ஐந்தாவதில் பட்டத்துக்காக சர்வ் செய்தார், கோட்டைவிட்டார். 2024 பாரிஸில் அல்காரஸை இரண்டுக்கு ஒன்று என்று முந்தி நின்றார், கோட்டைவிட்டார். 2025 மெல்போர்னில் சின்னர் அவருக்கு ஒரு செட்கூடத் தரவில்லை. நல்ல ஆட்டக்காரர், ஆனால் பெரிய பாயிண்ட் வந்தால் பேஸ்லைனுக்கு ரொம்பப் பின்னால் போய் நின்று எதிராளி தப்புப் பண்ணக் காத்திருக்கிறார். இந்த இருவரும் தப்புப் பண்ண மாட்டார்கள். அவர் காலம் முடிந்தது என்றே நினைக்கிறேன்.

டெய்லர் ஃபிரிட்ஸ் உழைப்பாளி. 2025 விம்பிள்டன் அரையிறுதியில் அல்காரஸை ஐந்தாவது செட்டுக்கு இழுக்க அவரிடம் இரண்டு செட் பாயிண்ட் இருந்தது. இழுக்கவில்லை. அலெக்ஸ் டி மினோர் ஓடுவதைப் பார்க்க ஆசையாக இருக்கும். அடிக்க அவரிடம் ஆயுதம் இல்லை. பென் ஷெல்டனிடம் அது இருக்கிறது, அந்த இடதுகை சர்வ். 2025-இல் டொராண்டோ மாஸ்டர்ஸையும் எடுத்தார். ஆனால் 2023 ஷாங்காயில் சின்னரை ஒரு முறை ஜெயித்ததோடு சரி, அதற்குப் பிறகு ஒன்றுகூட ஜெயித்ததில்லை. எதிராளியின் சர்வைத் திருப்பி அடிக்கிற ரிட்டர்ன் தேறாமல் வேலை ஆகாது.

லொரென்சோ முசெட்டி அப்பச்சியின் செல்லம். ஒற்றைக்கை பேக்ஹேண்ட், வெட்டி விடுகிற பந்து, வலைக்கு முன்னால் மெல்ல வைக்கிற டிராப் ஷாட். ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி ஆடியதைப் பேப்பரில் படித்து வளர்ந்த தலைமுறை அது; பந்தை ஓங்கி அடிப்பவனை விட ஏமாற்றுபவனைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும். 2025 பாரிஸ் அரையிறுதியில் முசெட்டி அல்காரஸிடம் முதல் செட்டை எடுத்துவிட்டுக் காலில் வலி வந்து விலகினார். "இவன் சாப்பாடு சரியில்லை" என்றார் அப்பச்சி. ஐந்து செட் தாங்காத உடம்பு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஜாக் டிரேப்பர்தான் என் மனசில் முதலில் வந்தவர். 2025 இந்தியன் வெல்ஸில் அரையிறுதியில் அல்காரஸ், இறுதியில் ஹோல்கர் ரூன் இருவரையும் வீழ்த்தியபோது இதோ வந்துவிட்டான் என்று மச்சானுக்கு ஃபோன் போட்டேன். இடதுகை, உயரம், இரண்டு பக்கமும் கனமான அடி. பிறகு அந்த இடதுகை எலும்பிலேயே கோளாறு வந்து, நியூயார்க்கோடு ஆண்டு முடிந்தது. ரூனுக்கு அக்டோபரில் குதிகால் தசைநாணே அறுந்தது. இந்தத் தலைமுறையில் அடிபடாமல் தப்பித்தவனைத் தேட வேண்டியிருக்கிறது. காலண்டரை நீட்டியவர்கள் இதையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

இளசுகளில் இரண்டு பேர். செக் நாட்டு யாகுப் மென்ஷிக் பத்தொன்பது வயதில் மயாமி இறுதியில் ஜோகோவிச்சை இரண்டு டைபிரேக்கில் சாய்த்தார். பிரேசிலின் ஜோவோ ஃபொன்சேகா 2025 மெல்போர்னுக்குத் தகுதிச் சுற்று வழியாக வந்து முதல் சுற்றிலேயே ரூப்லெவை நேர் செட்டில் அனுப்பினார். அந்த வாரம் பொங்கல். வீட்டில் பாதிப் பேர் சிறாவயல் மஞ்சுவிரட்டுக்குக் கிளம்பும் பேச்சில் இருக்க, நான் அந்தப் பையனின் ஃபோர்ஹேண்டையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாவ்ரிங்காவுக்குப் பிறகு பந்திலிருந்து அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. அதே ஆண்டு பியூனஸ் அயர்ஸ் பட்டம், அக்டோபரில் பேசல் பட்டம். 2006 ஆகஸ்டில் பிறந்தவர். முதலில் 250, அடுத்து 500 என்று படிப்படியாக ஏறுகிறார். என் பணம் இவர் மேல்.

நடுவில் எதிர்பாராத விருந்தாளி ஒருவரும் வந்தார். மொனாக்கோவின் வேலன்டின் வாஷ்ரோ, தரவரிசை 204. ஷாங்காய் மாஸ்டர்ஸில் தகுதிச் சுற்றிலிருந்து வந்து, அரையிறுதியில் ஜோகோவிச்சை வென்று, இறுதியில் ஆர்தர் ரிண்டர்க்நெக்கை வென்று பட்டம். ரிண்டர்க்நெக் யார்? அவருடைய உறவுக்காரப் பையன். இருவர் அம்மாக்களும் அக்கா தங்கை. அன்றைக்கு அழாதவர் யார்? பன்னிரண்டு நாள் போட்டியிலும் புதியவன் ஜெயிக்கலாமே என்று மச்சான் இதைக் காட்டித்தான் என் வாயை அடைக்கப் பார்த்தார். ஷாங்காய்க்கு அல்காரஸ் வரவே இல்லை, சின்னர் தசைப்பிடிப்பில் பாதியில் விலகினார் என்பதை நான் நினைவுபடுத்தினேன்.

"அதெல்லாம் விடுங்க மாப்பிள்ளை. மூணாவது ஆள் மூணாவது ஆள்னு தேடுறீங்களே, அந்தாள் கண்ணு முன்னாடிதானே நிக்கிறாரு" என்றார். ஜோகோவிச்சைச் சொல்கிறார். ஃபெடரர் பக்தர் வாயிலிருந்து இது வருவதென்றால் சும்மா இல்லை. கணக்கும் அவர் பக்கம்தான். மே மாதம் முப்பத்தெட்டு வயதான 2025-இல் நாலு ஸ்லாமிலும் அரையிறுதி. மெல்போர்னில் காயத்தால் விலகினார். பாரிஸிலும் விம்பிள்டனிலும் சின்னரிடம், நியூயார்க்கில் அல்காரஸிடம் தோற்றார். ஸ்லாமில் இந்த இருவரைத் தவிர யாரையும் இன்னும் அவர் சமாளிக்கிறார். ஏதென்ஸில் நவம்பரில் 101-ஆவது பட்டம். ஆனால் வெள்ளிக்கிழமை ஒருவனோடு ஐந்து செட், ஞாயிற்றுக்கிழமை மற்றவனோடு ஐந்து செட் என்பது அந்த வயதுக்கு முடியாத காரியம். இரண்டில் ஒருவன் அவர் பாதையில் வராத வாரம் ஒன்று அமைந்தால் இருபத்தைந்தாவது ஸ்லாம் நடக்கலாம். நடந்தால் நானும் எழுந்து நின்று கைதட்டுவேன்.

நம் பக்கத்துக் கதை ஒன்றையும் சொல்லாமல் போனால் மதுரைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2025 செப்டம்பரில், நாடுகளுக்கிடையே நடக்கும் டேவிஸ் கோப்பைக்காக இந்தியா சுவிட்சர்லாந்தின் பீல் நகரத்துக்குப் போனது. மதுரைப் பையன் தக்ஷிணேஸ்வர் சுரேஷ், டேவிஸ் கோப்பையில் முதல் ஆட்டம், தரவரிசையில் அறுநூறுக்கும் கீழே. ஆறரை அடிக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். தன்னைவிடப் பல நூறு இடம் மேலே இருந்த ஜெரோம் கிம்மை நேர் செட்டில் ஜெயித்தார். சுமித் நாகல் இரண்டு ஒற்றையரையும் எடுக்க, இந்தியா 3-1. ஐரோப்பிய மண்ணில் ஓர் ஐரோப்பிய நாட்டை நாம் கடைசியாக வென்றது 1993-இல், ஃபிரெஜூஸில் பிரான்ஸை. ரமேஷ் கிருஷ்ணனும் பயஸும் ஆடிய காலம். இங்கே பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் மதுரை. அந்த ஊர்ப் பையன் ஒருவன் ஜனவரியில் சென்னையில் வைல்டு கார்டு என்ற நேரடி அழைப்பு வாங்கி வாவ்ரிங்கா போன்ற ஒருவரின் எதிரே நிற்க இப்போது வழியில்லை என்பதுதான் என் ஆதங்கம். நுங்கம்பாக்கத்தில் சேலஞ்சர் நடக்கிறது. 2024-இல் நாகல் அதை ஜெயித்துத்தான் முதல் நூறுக்குள் நுழைந்தார். அதுவும் நல்லதுதான். ஆனால் முதல் இருபதில் இருப்பவன் எவனும் அங்கே வருவதில்லை.

இனி 2026. மெல்போர்ன்தான் நமக்கு ரொம்ப வசதியான ஸ்லாம்: அங்கே இரவு ஆட்டம் இங்கே மதியம் ஒன்றரைக்குத் தொடங்கிவிடும், சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரலாம். 2025 முடிகிற வரை அல்காரஸிடம் இல்லாத ஸ்லாம் அது ஒன்றுதான். பதினைந்து வயதிலிருந்து கூடவே இருந்த பயிற்சியாளர் ஃபெரேரோவை இந்த டிசம்பரில் பிரிந்துவிட்டார் என்ற செய்தி வேறு. புதிய ஏற்பாடு பழக நாளாகும். அதனால் சின்னர் மூன்றாவது தடவையும் எடுப்பார் என்பது என் கணிப்பு. பாரிஸ் அல்காரஸுக்கு, அதில் எனக்குப் பேச்சே இல்லை. விம்பிள்டன் சின்னர் என்று வைத்துக்கொள்கிறேன், டிரேப்பர் கை தேறி வந்தால் திருத்திக்கொள்வேன். நியூயார்க்குக்குள் எல்லோரும் களைத்திருப்பார்கள். மூன்றாவது ஆளுக்குக் கதவு திறந்தால் அங்கேதான் திறக்கும், அப்போது ஃபொன்சேகாவுக்கு இருபது வயது முடிந்திருக்கும்.

மச்சானோடு பந்தயம் போட்டாயிற்று. 2026-இல் புதிய ஆள் ஒருவன் ஸ்லாம் ஜெயிப்பான் என்று நான், ஒருத்தனும் வர மாட்டான் என்று அவர். ஜோகோவிச் ஜெயித்தால் செல்லாது என்று அவரே விதி போட்டார். ஒவ்வொரு ஸ்லாமுக்கும் ஒவ்வொரு ஆப்பாகச் சந்தா கட்டி இரண்டு வீட்டிலும் அலுத்துவிட்டது. தோற்றவர் 2027-க்கு இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்.